பந்தல்கார அண்ணனுக்கும் அன்றிரவு வந்த எல்லாருக்கும்

வாலாஜா, இராணிப்பேட்டை, ஆற்காட்டிலிருந்து உதவிக்கு ஓடிவந்த எங்கள் மக்களுக்கு வணக்கம்.

பழைய தோல் ஷாப்பின் கெட்ட மண்ணை நாங்கள் வெட்டிக் குவித்திருந்த இடத்தில் மழை பிடித்த அன்றிரவு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மண்ணிலிருந்து குரோமிய விஷம் கரைந்து வரும் மஞ்சள் தண்ணி பாலாற்றில் இறங்கவில்லை. விடிந்ததும் கரையோரம் மூன்று இடத்தில் தண்ணீர் பிடித்து, கந்தக அமிலமும் டைஃபினைல் கார்பஸைடும் விட்டு, பத்து நிமிடம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த விஷம் இருந்தால் தண்ணீர் ஊதாவாகும். மூன்றிலும் ஊதா தட்டவில்லை. அந்த ஈரம் காயும் முன்பே இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, வாலாஜா பக்கம் பந்தல் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. அவரை யாரும் கூப்பிடவில்லை. மண்குவியலை மூடிய ஷீட் காற்றில் பறப்பதை யாரோ சொல்லக் கேட்டு, இரவு ஒன்பதரை மணிக்கு மினி லாரியில் 11 தார்ப்பாய், ஒரு கட்டு சவுக்குக் கம்பு, நாலு பையன்களோடு வந்து இறங்கினார். அவர் செய்தது ஏன் பெரிய காரியம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெட்டி எடுத்த மண் சுமார் 120 யூனிட். 60 அடிக்கு 45 அடி இடத்தில் குவிந்து கிடந்தது. அந்த இடத்தின் மேல் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 25,000 லிட்டர், அதாவது இரண்டு தண்ணி லாரி. தோலில் ஏறும் பச்சைக் குரோமியம் மண்ணில் விழுந்தால் பெரும்பாலும் அங்கேயே படிந்து நின்றுவிடும். இது அதுவல்ல. அந்தக் காலத்தில் பைக்ரோமேட்டில் கந்தக அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்து, தோல் பதனிடும் குரோம் சாற்றை ஷாப்பிலேயே காய்ச்சினார்கள். அப்போது சிந்தியதும், கிடங்கில் கசிந்ததும்தான் இந்த மஞ்சள் மண். இதில் இருக்கும் மஞ்சள் குரோமியம் மழை பட்டால் உப்பு மாதிரி கரைந்து ஓடும். கீழே பாலாற்று மணல், அதில் ஊர்களுக்குக் குடிதண்ணீர் தரும் கிணறுகள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

குவியலை மூடித்தான் வைத்திருந்தோம். மூடிய விதம் தப்பு. மேலிருந்து கீழாக விரித்துக்கொண்டு வந்ததால், கீழ்ஷீட்டின் விளிம்பு மேல்ஷீட்டின் மேல் ஏறி நின்றது. வழிகிற தண்ணீர் நேராக இடுக்குக்குள் போனது. பறக்காமல் இருக்க நடுவில் வைத்த மண்மூட்டை ஒவ்வொன்றும் ஒரு குழியை உண்டாக்கி, அதில் தண்ணீர் தேங்கி, பாரம் தாங்காமல் ஷீட் கிழிந்தது. அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்த உடனே சொன்னார்: "மேல்பாயி கீழ்பாயி மேல ஏறி உக்காரணும்பா. கூரை வேயற மாதிரி கீழருந்து ஆரம்பி."

உச்சியில் நீளவாக்கில் சவுக்குக் கம்பு கட்டி முகடு எடுத்தார். கீழ்வரிசைப் பாயை முதலில் விரித்து, அடுத்த வரிசையை அதன் மேல் இரண்டடி ஏற்றிப் போட்டார். மூட்டைகளை இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, கழுதை முதுகில் பொதி போடுவதுபோல் முகட்டின் இருபுறமும் தொங்கவிட்டார். பாய் இறுகி நின்றது, எங்கும் குழி விழவில்லை. கடைசி விளிம்பைச் சுற்றுவரப்புக்கு வெளியே இழுத்துக் கட்டினார். நாங்கள் அதை உள்வாய்க்காலில் முடித்திருந்தோம். அப்படி முடித்தால் பாய் மேல் வழியும் நல்ல மழைத்தண்ணீரும் மஞ்சள் தண்ணீரோடு சேர்ந்து, தேக்கத்தொட்டி நிரம்பி வழிந்துவிடும். வெளியே விட்டதால் விடியும்போது தொட்டியில் இருந்தது 900 லிட்டர் மட்டுமே.

அந்த 900 லிட்டரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் மஞ்சள் குரோமியம் இருந்தது, மொத்தம் 18 கிராம். ஒரு பங்கு மஞ்சள் குரோமியத்தைப் பச்சையாக்க 16 பங்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) வேண்டும். காற்றும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் கணக்குப்படி வேண்டிய 288 கிராமுக்குப் பதில் 600 கிராம் போட்டோம். பிறகு சுண்ணாம்பு விட்டு அமில-கார அளவை (pH) 8க்கு ஏற்ற, கசடு அடியில் படிந்தது. இந்த வேலை செய்யும் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அன்னபேதி மூட்டை ஈரம் பட்டுப் பழுப்பாகியிருந்தால் அதை நம்பாதீர்கள், அது ஏற்கெனவே துருவாகிவிட்டது. பச்சையாக இருப்பதே வேலை செய்யும்.

கார்த்திகை முகூர்த்தம் நெருங்கும் நேரம் அது. அந்தப் பாய்களின் அடிப்பக்கம் மண்ணில் பட்டுவிட்டால் திருப்பித் தர முடியாது என்று கட்டும் முன்பே அவரிடம் சொன்னோம். "கல்யாணப் பந்தல்ல இனிமே இது ஏறாது, தெரியுது, கயிறப் புடி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பம்புசெட் தந்த விவசாயிகள், நள்ளிரவில் வரப்பைத் திருத்திய ஜே.சி.பி. ஓட்டுநர், மண்மூட்டை தூக்கிய நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், சோதனைக் குழாய்களோடு வந்த கல்லூரி மாணவிகள், டீயும் வறுக்கியும் கொண்டுவந்த கடைக்காரர், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் மக்கள் போட்ட வழக்கில், கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 30இல் இதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது. இடைப்பட்ட வருடங்களில் எத்தனை மழை இந்த மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அதனால் இந்த நிலத்தைச் சீர்செய்வதில் அவசரப்பட மாட்டோம் என்று இங்கேயே வாக்குக் கொடுக்கிறோம்.

முதலில் குரோமியம், பிறகு உப்பு, அப்புறம்தான் செடி. நிலம் உவர் என்று முதலிலேயே தண்ணீர் கட்டிக் கழுவினால், உப்போடு குரோமியமும் நிலத்தடிக்குப் போய்விடும். கெட்ட இடத்தில் நிற்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிக் கிளற மாட்டோம், தரைமட்டத்தில் வெட்டுவோம். சருகானாலும் குப்பையானாலும் அங்கே கொளுத்த விடமாட்டோம். சுண்ணாம்பு கலந்த அந்த மண் சூடேறினால் பச்சை மறுபடி மஞ்சளாகும். தண்ணீரோரம் வெட்டிவேரும் நாணலும், அதற்கு மேல் நொச்சி, புங்கம், நீர்மருது வைப்போம். வெட்டிவேர் குரோமியத்தைப் பெரும்பாலும் வேரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனாலும் ஆடுமாடு மேயாமல் வேலி போடுவோம். மாமரம், கீரை எதுவும் கிடையாது.

மேட்டுப் பக்கம் வரப்போகும் தொழிற்கூடத்துக்கு மழைநீர்க் குழி தோண்டச் சொல்லாதீர்கள். மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம், நல்ல சட்டம். ஆனால் இங்கே குழியில் இறங்கும் தண்ணீர் அடியில் மிச்சமிருக்கும் விஷத்தை ஆற்றுப்பக்கம் தள்ளும். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியே தொட்டியில் பிடித்து மரங்களுக்கு விடுவோம்.

அண்ணனுக்கு ஒன்று. 30க்கு 20 அடி, ஓரத்தில் பித்தளை வளையம் வைத்த புதுத் தார்ப்பாய் 11 சொல்லியாகிவிட்டது. பணம் வேண்டாம் என்றீர்கள், பாயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மார்கழி முடிந்து தை முகூர்த்தம் தொடங்கும் முன்பே உங்கள் கடை வாசலில் இறக்கிவிடுகிறோம்.

ஆற்றங்கரை மண் வேலையில் இருக்கும் நாங்கள்,
இராணிப்பேட்டை