நீ எடுத்துக் கொடுத்த மூன்று டிக்கெட்

அன்புள்ள மகளுக்கு,

"நாடகம் எப்படி இருந்தது?" என்று ஒரு வரியில் கேட்டிருந்தாய். அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை உனக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார். அது பதிலே இல்லை. அவருக்கு அந்த நாடகத்தில் பிடிக்காதது நிறைய. எனக்கும் சித்திக்கும் அவரோடு சண்டை வேறு, இன்னும் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும், பஸ்ஸில் போகும்போது படி.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். லண்டனில் ஷேக்ஸ்பியர் என்றதும் தேம்ஸ் கரையில் இருக்கிற குளோப் என்ற பெரிய நாடக அரங்கு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, சித்தி நல்ல பட்டுப்புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். போனில் இருந்த வரைபடம் எங்களை ஒரு பப்பின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்பா ஒரு தடவைக்கு இரண்டு தடவை முகவரியைப் பார்த்தார். பீர் கிளாஸும் கையுமாக நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த குறுகலான படியில் ஏறினால் கறுப்புச் சாயம் பூசிய ஓர் அறை. எண்ணிப் பார்த்தேன், 48 நாற்காலி. இரண்டு பக்கமும் பார்வையாளர்கள், நடுவில் ஒரு சந்து மாதிரி விட்டிருந்தார்கள். அந்தச் சந்துதான் மேடை. எதிர்ப் பக்கத்தில் ஒருவர் இருமினால் அவர் முகம் முழுக்கத் தெரிகிறது. காலை நீட்டினால் ராஜா தடுக்கி விழுவார்.

இந்த மாதிரிச் சின்ன இடத்து நாடகத்தை ஃப்ரிஞ்ச் என்பார்கள். "ஃப்ரிஞ்ச் என்றால் என்ன?" என்று சித்தி கேட்டாள். புடவை முந்தானையில் குஞ்சம் தொங்குகிறதே, அதுதான் என்றேன். 1947இல் எடின்பரோவில் பெரிய கலைவிழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து விழாவின் ஓரத்தில் தாங்களாகவே நாடகம் போட்டன. அந்த ஓரத்துக்குத்தான் மறுவருஷம் இந்தப் பெயர் வந்தது. அப்பாவுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. "குஞ்சத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம், புடவையைக் காட்டச் சொல்" என்றார்.

நாங்கள் பார்த்தது ஷேக்ஸ்பியரின் தி வின்டர்ஸ் டேல், நீ பள்ளியில் படித்த நாடகம். உனக்குக் கதை தெரியும். சித்திக்குத் தெரியாது, ரயிலில் சொல்லிக்கொண்டு வந்தேன். சிசிலியாவின் ராஜா லியாண்டீஸுக்கு ஒரு நிமிஷத்தில், எந்தக் காரணமும் இல்லாமல், நிறைமாத கர்ப்பிணியான மனைவி ஹெர்மியோனி மேல் சந்தேகம் வருகிறது. தன் உயிர் நண்பனோடு சேர்த்துப் பேசுகிறான். பிறந்த பெண் குழந்தையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொல்கிறான். சின்னப் பையன் மமிலியஸ் அம்மாவை நினைத்து ஏங்கியே சாகிறான். அந்தச் செய்தி கேட்டு ராணி விழுகிறாள், செத்துவிட்டாள் என்று ராணியின் பக்கம் நிற்கும் அரண்மனைச் சீமாட்டி பாலினா வந்து சொல்கிறாள். "ராஜாவை யாரும் இரண்டு அறை விடவில்லையா?" என்று சித்தி பெட்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். பாலினா வாயாலேயே அறைவாள், பார் என்றேன்.

நடித்தவர்கள் எட்டே பேர். அப்பாவின் முதல் குறை அதில் தொடங்கியது. குழந்தையைக் கடற்கரையில் விட்டுவிட்டு, கரடி துரத்த ஓடுகிறாரே ஆன்டிகோனஸ், அவரேதான் அடுத்த நிமிஷம் குழந்தையைக் கண்டெடுக்கும் கிழ மேய்ப்பனும்! இந்தக் கதவால் ஓடியவர் படியில் இறங்கி, பப்பைச் சுற்றி, இன்னொரு கதவால் வர வேண்டும். வந்து சேர்ந்தபோது மேய்ப்பனுக்கு மூச்சு வாங்கியது. "கரடி துரத்தியது அவரை இல்லையே" என்று அப்பா என் காதில் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். எதிர் வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. அந்த அறையில் ஒளிய இடமே இல்லை.

கரடி எப்படி என்று நீ கேட்பாய். விளக்கை அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நம் நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு மட்டும் நடந்து போனது. ஏதோ ரோமத் துணி என் கழுத்தில் உரசியது. சித்தி என் கையை நகம் பதியப் பிடித்தாள். பெரிய அரங்குகளில் தோல் போர்த்திய கரடியைப் பார்த்திருக்கிறேன், ஜனங்கள் சிரிப்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. (குழந்தையை விடுகிற இடம் பொஹீமியா. அந்த நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது என்பதை அப்பா இடைவேளையில் மறக்காமல் சொன்னார். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் பென் ஜான்சன் அப்போதே கிண்டல் செய்துவிட்டார், நீங்கள் 400 வருஷம் தாமதம் என்றேன்.)

பதினாறு வருஷம் ஓடிவிட்டது என்று சொல்ல காலமே ஒரு பாத்திரமாக வருமே, அதில் வந்தது யார் தெரியுமா? வாசலில் எங்கள் டிக்கெட்டைச் சரிபார்த்த பெண்! கையில் அதே டார்ச். அதை அணைத்துப் போட்டாள், பதினாறு வருஷம் போய்விட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். விசாரணைக் காட்சியில் ராணி தனியாக நிற்கிறாள். குழந்தை பெற்று எழுந்த உடம்பு. "ரஷ்யச் சக்கரவர்த்தி என் அப்பா" என்கிறாள். சரியாக அந்த இடத்தில் கீழே பப்பில் டிவியில் யாரோ கோல் போட்டுவிட்டார்கள். தரை அதிர ஒரே கூச்சல். எனக்கு அந்தப் பெண்ணுக்காக உடம்பெல்லாம் கூசியது. அவள் பேசவில்லை. சத்தம் வந்த தரையையே பார்த்துக்கொண்டு, அது அடங்கும்வரை நின்றாள். பிறகு மெதுவாக, "அவர் உயிரோடு இருந்து, மகளுக்கு நடக்கும் விசாரணையைப் பார்க்கக்கூடாதா" என்று அடுத்த வரியைச் சொன்னாள். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்துக் கூச்சல் போடுகிற மாதிரிதான் இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்டால் தூசி என்பார்.

சரி, சண்டைக்கு வருகிறேன். மேய்ப்பன் வளர்த்த மகள் திரும்பி வந்த பிறகு வருகிற கடைசிக் காட்சி, சிலைக் காட்சி.

பாலினா திரையை விலக்குகிறாள். ராணியின் சிலை என்கிறாள். பெரிய அரங்கில் அது எங்கேயோ தூரத்தில், பளிங்கு மாதிரி விளக்கு போட்டு நிற்கும். இங்கே அந்த நடிகை என் முழங்காலிலிருந்து ஓர் எட்டுத் தூரத்தில் நின்றாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது தெரிகிறது. மூச்சு ஏறி இறங்குவது தெரிகிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இமைத்தாள். பக்கவாட்டிலிருந்து விளக்கு போட்டிருந்தார்கள், முதல் பாதியில் கண்ணில் படாத சுருக்கமெல்லாம் இப்போது தெரிந்தது. லியாண்டீஸே அதைத்தான் சொல்கிறான், என் ஹெர்மியோனிக்கு இவ்வளவு சுருக்கம் இல்லையே என்று. பதினாறு வருஷம் கழித்து எப்படி இருப்பாளோ அப்படிச் செதுக்கியிருக்கிறான் சிற்பி என்று பாலினா சமாளிக்கிறாள்.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் கீழே பப்புக்குத்தான் இறங்க வேண்டும், வேறு வழியே கிடையாது. பத்து நிமிஷத்தில் நடிகர்களும் அங்கேயே வந்துவிட்டார்கள். லியாண்டீஸ் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்ததால், அப்பா தன் குறைகளை எல்லாம் தணிந்த குரலில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இமைத்தாள். எனக்கு அங்கேயே போய்விட்டது" என்றார். சிலை உயிர் பெறுவதுதான் அதிசயம், உயிரோடு நிற்பவள் இறங்கி வருவதில் என்ன அதிசயம் என்பது அவர் வாதம். ஐம்பது பேர் உட்காரும் இடத்தில் இந்தக் காட்சியைத் தொடவே கூடாதாம்.

சித்தி அகலிகையைக் கொண்டு வந்தாள். கல் பெண்ணாவது நமக்குப் புதுசா என்றாள். அகலிகை நிஜமாகவே கல்லானவள், இவள் ஒளிந்திருந்தவள் என்றேன் நான். நாடகத்திலேயே ஒருவர் போகிறபோக்கில் சொல்வார், ராணி செத்ததிலிருந்து பாலினா தினமும் இரண்டு மூன்று தடவை சிலை இருக்கும் ஒதுக்குப்புறமான வீட்டுக்குப் போய் வருகிறாள் என்று. "அப்போ சாப்பாடு கொண்டுபோயிருக்கிறாள்!" என்று சித்தி மேஜையைத் தட்டினாள். பக்கத்து மேஜையிலிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் திரும்பிப் பார்த்தார், நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாதம் மூன்று நாலு நாடகம் இந்த மாதிரி மாடி அறைகளில் பார்ப்பவராம்.

அவர் ஒரு நல்ல சங்கதி சொன்னார். இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு முதன்முதலில் குறிப்பு எழுதி வைத்தவர் சைமன் ஃபோர்மன் என்ற ஜோசியர், வைத்தியமும் பார்த்தவர். 1611 மே 15ஆம் தேதி குளோப்பில் பார்த்திருக்கிறார். ராஜாவின் சந்தேகம், குழந்தை, அசரீரி எல்லாம் எழுதியவர், கரடியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. சிலையைப் பற்றியும் இல்லை. திருடன் ஆட்டோலிகஸைப் பற்றி மட்டும் விலாவாரியாக எழுதி, பிச்சைக்காரன் வேஷம் போடுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தனக்கே புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். சிலைக் காட்சியே அப்போது இருந்திருக்காது, பிறகு சேர்த்தது என்று சொல்பவர்களும் உண்டாம். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சித்திக்குச் சந்தேகமே இல்லை. "மனுஷன் பர்ஸைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், சிலையை எங்கே பார்ப்பார்?"

அப்பா விடவில்லை. ஷேக்ஸ்பியர் எடுத்துக்கொண்ட மூலக்கதையில், 1588இல் ராபர்ட் கிரீன் எழுதியதில், ராணி நிஜமாகவே செத்துப்போகிறாள், அதுதான் நியாயமான முடிவு என்றார். பதினாறு வருஷம் ஒருத்தி ஒளிந்திருந்து பழி வாங்குவாளா? நான் கேட்டேன், பழி வாங்கினாள் என்று யார் சொன்னது? எதற்காக உயிரை வைத்துக்கொண்டிருந்தேன் என்று அவள் வாயாலேயே சொல்கிறாள். மகள் கிடைப்பாள் என்று அசரீரி நம்பிக்கை கொடுத்தது, அவளைப் பார்ப்பதற்காக என்கிறாள்.

அப்புறம்தான் பெரிய தகராறு. "ஆனால் கடைசியில் புருஷனை மன்னித்துவிட்டாள்" என்றார் அப்பா. கட்டிப்பிடித்தாளே, அது போதாதா? கட்டிப்பிடித்தாள், சரி. பேசினாளா? அந்தக் காட்சியில் ஹெர்மியோனிக்கு ஒரே ஒரு வசனம்தான். அதில் ஒரு சொல் கூட லியாண்டீஸுக்கு இல்லை. முழுக்க மகளிடம். முதலில் தெய்வங்களிடம் மகள் தலையில் அருளைப் பொழியக் கேட்கிறாள். உடனே கேள்விகள்: என் கண்ணே, எங்கே பத்திரமாக இருந்தாய், எங்கே வாழ்ந்தாய், உன் அப்பாவின் அரண்மனைக்கு எப்படி வந்து சேர்ந்தாய்? கல்லாக நின்றவள் வாயைத் திறந்ததும் கேட்பது இதைத்தான். "நீ போனில் கேட்கிற மாதிரியே இருக்கிறது. வீட்டுக்கு வந்துவிட்டாயா, சாப்பிட்டாயா, எதில் வந்தாய்" என்று சித்தி என்னைக் கிண்டல் செய்தாள். நீ ஒவ்வொரு தடவையும் சலித்துக்கொள்வாய், தெரியும்.

இன்னொன்று. செத்துப்போன பையன் மமிலியஸாக நடித்த பெண்ணேதான் மகள் பெர்டிடாவாகவும் நடித்தாள். ஆள் பற்றாக்குறை என்றார் அப்பா. பல குழுக்கள் தெரிந்தே செய்வது என்றார் பெரியவர். எனக்கு அந்தக் காரணமெல்லாம் தேவைப்படவில்லை. அம்மா இறங்கி வந்து மகளின் கன்னத்தைப் பிடித்தாள், பிடித்த கை அப்படியே ஒரு நொடி நின்றது. மகன் முகம் அது. அவனை ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை, கடைசிக் காட்சியில் அவன் பெயரை அவள் சொல்வதுகூட இல்லை. பெரிய அரங்கின் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்திருந்தால் அந்தக் கை நின்றது எனக்குத் தெரிந்திருக்காது. இமைத்ததும் தெரிந்திருக்காது. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். இமைக்காமல் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த நடிகை எங்களைக் கடந்து கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சித்தி எழுந்து போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தமிழிலேயே ஏதோ சொன்னாள். அவளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். என்ன சொன்னாய் என்று கேட்டால் சித்தி சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மூன்று நாள் ஆகிவிட்டது. அப்பா உன் பழைய பள்ளிப் புத்தகத்தை, உன் பென்சில் கிறுக்கலோடு, அலமாரியிலிருந்து தேடி எடுத்து வைத்துக்கொண்டு, கடைசிக் காட்சியில் ஹெர்மியோனி புருஷனிடம் பேசுகிற வரியைத் தேடுகிறார். இல்லை என்று சொன்னேன். நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சொல்கிறார், உன் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்க வேண்டுமாம். நீ வேறு பதிப்பு ஒன்று வாங்கி அனுப்ப வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா