ஜேம்ஸ் மேடிசன் ஆட்டக்காரர்களால் முடிந்தது, ஜேம்ஸ் மேடிசனால் ஏன் முடியாது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பிளேஆஃப் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 2025 டிசம்பரில், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபின் முதல் சுற்றில், சின்ன கான்ஃபரன்ஸ்களிலிருந்து (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள்) வந்த டுலேன் பல்கலைக்கழகம் 41-10 என்று ஓலே மிஸ்ஸிடமும், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 51-34 என்று ஓரிகனிடமும் தோற்றன. "இந்தச் சின்ன அணிகளுக்கு இங்கே என்ன வேலை?" என்ற பேச்சு உடனே கிளம்பிவிட்டது. பிளேஆஃபை இன்னும் விரிவாக்குவது பற்றி நீங்கள் பேசிவரும் நேரத்தில் அந்தப் பேச்சு உங்கள் முடிவைத் தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

படுதோல்விதான் தகுதியின்மைக்குச் சாட்சி என்றால், அலபாமா என்ன செய்வது? பிளேஆஃபின் அடுத்த சுற்றில், 2026 ரோஸ் பௌல் ஆட்டத்தில் இந்தியானாவிடம் 38-3 என்று சுருண்டது. அலபாமா இருக்கும் பெரிய கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யின் இடங்களைக் குறைக்கச் சொல்லி அதற்காக யாரும் வாய் திறக்கவில்லை.

உங்கள் தரப்பில் நியாயமான வாதம் ஒன்று உண்டு, மறுக்கவில்லை. 2007 ஃபியஸ்டா பௌலில் சின்ன கான்ஃபரன்ஸ் அணியான பாய்சி ஸ்டேட் பெரிய அணியான ஓக்லஹோமாவை 43-42 என்று வீழ்த்தியது. 2009 சுகர் பௌலில் அப்போது சின்ன கான்ஃபரன்ஸில் இருந்த யூட்டா அலபாமாவை 31-17 என்று சாய்த்தது. ஒரு மாதம் தயாராகி ஓர் ஆட்டத்தில் ஜெயிப்பது வேறு, வாராவாரம் எட்டு ஒன்பது பலசாலிகளோடு மோதுவது வேறு என்பீர்கள். சரி, அந்த வெற்றிகளை ஒதுக்கி வைப்போம். (பாய்சி கடைசியில் இரண்டு புள்ளி எடுத்து ஜெயித்த அந்த ஆட்டத்தை ஒதுக்க மட்டும் மனசு வரவில்லை.) பெரிய கான்ஃபரன்ஸ்களுக்குள் குடிபோனவர்களின் கதையைப் பார்ப்போம்.

யூட்டா 2011-இல் பேக்-12க்குப் போனது. 2012, 2013 இரண்டிலும் 5 வெற்றி, 7 தோல்வி. பிறகு 2021, 2022 என அடுத்தடுத்து அதே கான்ஃபரன்ஸின் சாம்பியன். டெக்சஸ் கிறிஸ்டியன் (டி.சி.யு.) 2012-இல் பிக் 12க்குள் நுழைந்தது. இரண்டாம் ஆண்டில் 4-8, மூன்றாம் ஆண்டில் 12-1. 2021-இல் பிளேஆஃப் வரை போன சின்சினாட்டியோ, 2023-இல் பிக் 12க்கு வந்ததும் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது. சதர்ன் மெதடிஸ்ட் (எஸ்.எம்.யு.) மட்டும் 2024-இல் ஏ.சி.சி.க்குள் வந்த முதல் ஆண்டிலேயே கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் எட்டுக்கு எட்டு வெற்றி. ஒன்பது ஆண்டுகளுக்கான தொலைக்காட்சிப் பங்கையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து உள்ளே வந்த அணி அது. டாலஸில் அதற்குப் பணம் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

முதல் வரிசைக்கு நல்ல ஆட்களைச் சின்னக் கல்லூரிகளும் தேடிப் பிடித்துவிடுகின்றன. அக்டோபரில், எதிரணியை முட்டித் தடுக்கும் லைன்மேன்கள் இருவருக்குக் காயம் என்றால், பெஞ்சிலிருந்து எழுந்து வருபவனும் முந்நூறு பவுண்டு எடையோடு ஓடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. அந்த இரண்டாம் வரிசைக்குத்தான் காசு வேண்டும். பிக் டென், எஸ்.இ.சி. இரண்டுக்கும் பிளேஆஃப் வருமானத்தில் ஆளுக்குச் சுமார் 29 சதவீதமும், சின்ன கான்ஃபரன்ஸ்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 9 சதவீதமும் என்று 2026 முதலான ஒப்பந்தத்தில் எழுதியதும் நீங்கள்தானே?

இந்தியானாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிக் டென்னில் எத்தனையோ காலமாக இருந்தும் 2023-இல் வெறும் 3 வெற்றி. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து கோச் கர்ட் சிக்னெட்டியைக் கூட்டிவந்தார்கள். ஏடன் ஃபிஷர், டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சாரட் எனப் பதின்மூன்று பேர் அவர் பின்னாலேயே வந்தார்கள். 2024-இல் 11 வெற்றி. அடுத்த சீசனில் 16-0, தேசிய சாம்பியன். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மெண்டோசா, ஜேம்ஸ் மேடிசனிலிருந்து அல்ல, கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியிலிருந்து வந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் புகழும் ஜேம்ஸ் மேடிசனுக்கே என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆட்டக்காரர்களால் பிக் டென்னில் வாராவாரம் தாக்குப்பிடிக்க முடியுமா என்ற கேள்வி அதோடு முடிந்துபோனது. சட்டையின் நிறம்தான் மாறியிருந்தது.

பக்கத்து வயலின் நாற்றைப் பிடுங்கி நம் வயலில் நட்டுவிட்டு, "உன் வயலில் ஏன் விளையவில்லை?" என்று கேட்பதுபோல் இருக்கிறது இப்போது நடப்பது. ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறும் வழியான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலை மூடச் சொல்லவில்லை. நல்ல சம்பளமும் பெரிய மேடையும் கிடைக்கும் இடத்துக்குப் போவது அந்தப் பையன்களின் உரிமை. ஆளை வளர்த்துக் கொடுத்த கல்லூரிக்கு ஒரு நஷ்டஈடு கிடைக்க வழி செய்யுங்கள் என்கிறேன். காலால் உதைத்து ஆடும் உலகக் கால்பந்தில் ஃபிஃபா விதிகளிலேயே பயிற்சி இழப்பீடு என்று ஒன்று இருக்கிறது.

இன்னும் இரண்டு கோரிக்கைகள். பிளேஆஃப் 16 ஆகட்டும், 24 ஆகட்டும், சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கான இடத்தில் கை வைக்காதீர்கள். அடுத்தது, காசு கொடுத்து இந்த அணிகளை உங்கள் மைதானத்துக்கு அழைப்பது போதும். 2024 செப்டம்பரில் அப்படி வந்த நார்தர்ன் இல்லினாய் நோட்டர் டேமை அதன் மைதானத்திலேயே 16-14 என்று தோற்கடித்தது. அந்த நோட்டர் டேம்தான் அதே சீசனில் இறுதி ஆட்டம் வரை போனது. இனி ஒரு ஆண்டு உங்கள் ஊரில் என்றால் மறு ஆண்டு அவர்கள் ஊரில் ஆடுங்கள். நார்தர்ன் இல்லினாயின் டிகால்பிலும் ஜேம்ஸ் மேடிசனின் ஹாரிசன்பர்க்கிலும் மைதானங்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்