என் அப்பாவின் ஒன்பது விநாடி

தமிழ்ச் செய்தி ஊடகங்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறையிலிருந்து எழுதுகிறேன். 'இந்தியர் ஓட்டு கைமாறுகிறது' என்ற தலைப்பில் சென்ற மாதம் வந்த காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். உங்களில் ஒருவர் வெளியிட்டதுதான், பெயர் வேண்டாம். அதில் எங்கள் டீக்கடையில் தே தாரிக் (பால் தேநீர்) ஆற்றிக்கொண்டே "இனிமே அவங்களுக்கு என் ஓட்டு இல்ல" என்று சொல்கிற பெரியவர் என் அப்பா.

அப்பா அன்று இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார். நான் பக்கத்தில் ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்று நான்கு மாதம் ஆனதையும், முழங்கால் வலியோடு அம்மா எட்டாம் மாடிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதையும், பேத்திக்கு மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) இடம் கிடைக்காததையும் சொன்னார். "லிஃப்டைச் சரி பண்ணட்டும், அப்புறம் ஓட்டைப் பத்திப் பேசுவோம்" என்று முடித்தார். கோபம்தான், ஆனால் கதவைச் சாத்தவில்லை. உங்கள் ஒன்பது விநாடியில் லிஃப்டும் இல்லை, அம்மாவும் இல்லை.

மறுநாள் காலை கட்சிக் கிளைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இருபது வருடமாக எங்கள் ஒட்டுக்கடையில் பசியாறுகிறவர்கள். "என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார்கள். வைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்கள். எதிரணியினரோ அப்பாவின் முகத்தை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டார்கள். இப்போது யாராவது தேர்தல் என்று வாயெடுத்தாலே அப்பா கிளாஸ் கழுவப் போய்விடுகிறார், கழுவிய கிளாஸாக இருந்தாலும்.

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் ஓட்டை மாற்றுகிறார் என்று செய்தி போட்டால், ஏன் மாற்றுகிறார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

காரணம் இல்லாமல் இங்கே யாரும் மாறியதில்லை. அப்பா 2008 வரை தராசுக்கே, அதாவது மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) இருக்கும் தேசிய முன்னணியின் சின்னத்துக்கே, போட்டவர். இந்தியர் உரிமை கேட்டு இண்ட்ராஃப் நடத்திய 2007 நவம்பர் 25 கோலாலம்பூர் பேரணியைப் பற்றி டிவி சொன்னது ஒன்று, பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்த சிடியில் இருந்த கண்ணீர்ப்புகை வேறொன்று. அடுத்த மார்ச்சில், 2008 பொதுத் தேர்தலில், அவர் கை எதிர்க்கட்சியான ஜசெகவின் (ஜனநாயக செயல் கட்சி) ராக்கெட் சின்னத்துக்குப் போனது. பினாங்கில் ஆட்சியே மாறியது. அதற்கு எந்தத் தலைப்பும் தேவைப்படவில்லை. மறைத்ததே போதுமானதாக இருந்தது.

இப்போது நீங்கள் மறைப்பதில்லை, அலை என்கிறீர்கள். அந்தச் சொல்லே வேலை செய்கிறது. "எல்லாரும் மாறிட்டாங்களாம், நாம மட்டும் ஏன்?" என்று என் சித்தி கேட்கிறார். சித்தப்பாவோ "முடிவு தெரிஞ்சதுதானே, வரிசையில் எதுக்கு நிக்கணும்?" என்கிறார். ஒரே செய்தி, ஒரே வீட்டில் ஒருவரை மாற்றுகிறது, இன்னொருவரை வீட்டிலேயே உட்காரவைக்கிறது.

அந்த அலையை எப்படி அளந்தீர்கள் என்பதும் தெரியவில்லை. ஓட்டுச்சீட்டில் இனம் எழுதியிருப்பதில்லை. வாக்களிப்பு மையத்தில் வயதுப்படி சாலுரான் (வாக்களிக்கும் வரிசை) பிரிக்கிறார்கள், மூத்தவர்கள் முதல் சாலுரானில். அதை வைத்து வயதை ஊகிக்கலாம். இந்தியர் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது அதற்கும் மேல் ஒரு கணக்கு. எங்கள் கடையில் மூன்று பேரிடம் மைக்கை நீட்டியதும் கணக்கு முடிந்துவிட்டதா?

அப்புறம், மாறியது யார்? 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் தராசும் ராக்கெட்டும் எதிரெதிராக நின்றன. 19ஆம் தேதி ஓட்டுப் போட்டோம், சில நாட்களில் இரண்டும் ஒரே அரசாங்கத்தில். 2023 ஆகஸ்டு மாநிலத் தேர்தலில் மஇகா போட்டியே போடவில்லை. இத்தனை வருடம் மாறாமல் இருந்த அதன் ஆதரவாளர் அன்று என்ன செய்வார்? இன்னொரு கட்சிக்குத்தான் போடவேண்டும், அல்லது வீட்டில் இருக்கவேண்டும். நின்ற இடத்திலேயே நின்றவரை 'மாறியவர்' என்று எழுதுகிறீர்கள். கட்சி மாறும் 'தவளை' எம்.பி.க்களுக்கு 2022இல் சட்டம் வந்தது, பதவி போய்விடும். கூட்டணியோடு சேர்ந்து தாவினால் அந்தச் சட்டமும் தொடாது. அதற்குப் பெயர் ஒற்றுமை! டீக்கடைக்காரர் ஒரு வாக்கியம் பேசினால் மட்டும் பரபரப்பு.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களில் பலர் குறைந்த ஆட்களோடு, தினமும் செய்தி கொடுத்தே ஆகவேண்டிய நெருக்கடியில் இருப்பதை அறிவேன். ஆனாலும் அப்பாவின் முழுப் பேட்டி உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. காரணத்தையும் சேர்த்துப் போடுங்கள். முடியாது என்றால், தயவுசெய்து அந்த ஒன்பது விநாடியையும் எடுத்துவிடுங்கள்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அந்தச் செய்தி வேண்டுமானால் வாருங்கள், கடை காலை ஆறு மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு மகள்