பெஞ்சிலிருந்து எழுந்து வா, பாப்பா

பாப்பாவுக்கு,

"சாயங்காலம் பையனைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்ப்பா. அவன் பாட்டுக்கு விளையாடுறான், நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கேன். எனக்கு அங்கே என்ன வேலை?" என்று போனில் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை கூப்பிட்டுவிட்டார். சொல்ல வந்ததை எழுதிவிடுகிறேன்.

அவனுக்கு என்ன கிடைக்கும் என்பது உனக்கே தெரியும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கண்ணுக்கும் பகல் வெளிச்சம் நல்லது. இதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கூடப் போகிற நமக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

வீட்டில் நாம் பிள்ளைகளிடம் பேசுவதைக் கவனித்துப் பார். எழுந்திரு, பல் தேய், சட்டையைப் போடு, சீக்கிரம் வா. மைதானத்தில் இது தலைகீழ். நீ சின்னவளாக இருந்தபோது, "நீங்கதான் பூதம், அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது" என்று நீ சொன்னால் நான் தாண்டமாட்டேன்; உன் கூட்டாளிகள் வந்துவிட்டால் நான் வெறும் ஒப்புக்குச் சப்பாணி. உன்னை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான். எப்படி முடிவெடுக்கிறாய், யாருக்கு விட்டுக்கொடுக்கிறாய், தோற்றால் முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் வீட்டுக்குள் எனக்குத் தெரியவந்ததே இல்லை.

ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் பிள்ளைகளின் மனதை அறிய ஒரு வேலை செய்தார். கோலிக்குண்டுகளோடு அவர்களிடம் போய், 'சின்ன வயதில் ஆடியது, மறந்துவிட்டது, எப்படி ஆடுவது என்று காட்டு' என்று கேட்டார். சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக ஆடுவார்கள், எல்லோருமே ஜெயித்துவிட்டதாகவும் சொல்வார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, கை வைக்கக் கூடாதது. பத்துப் பன்னிரண்டு வயதில்தான், நாமே பேசி மாற்றிக்கொள்ளலாம் என்பது புரிகிறது. 1932இல் இதை வெளியிட்டார். உன் பையன் நிமிடத்துக்கொரு விதி சொன்னால் அழுகுணி ஆட்டம் என்று கோபப்படாதே. அந்த வயதின் கணக்கே அப்படித்தான். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார், அவன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று அவனே காட்டிவிடுவான்.

அடுத்து, பயம். இதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். பிள்ளை மரத்தில் கால் வைத்ததும் "பார்த்து! விழுந்துடுவே!" என்று நம் வாய் தானாகக் கத்தும். கத்தினால் அது கிளையை விட்டுவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும், அதுதான் ஆபத்து. கத்துவதற்கு முன் அதன் கைகளையும் கால்களையும் பார். பிடி உறுதியா, கால் வைத்த இடம் வழுக்குகிறதா? கேட்டே ஆகவேண்டுமென்றால், "அடுத்த காலை எங்கே வைக்கப் போறே?" என்று கேள். தானாக ஏறுகிற பிள்ளை பெரும்பாலும் தனக்கு முடிகிற உயரத்தில் நின்றுவிடும். எட்டாத கிளையில் நாமே தூக்கி உட்காரவைப்பதுதான் வம்பு. வண்டி ஓடும் சாலை, ஆழமான தண்ணீர், உடைந்த கண்ணாடி, இவை பிள்ளையால் கணிக்க முடியாதவை. அங்கே யோசிக்காமல் தடுக்க வேண்டும். மற்ற பல பயங்கள் நம்முடையவை, அவனுடையவை அல்ல. நார்வேயைச் சேர்ந்த எலன் சாண்ட்செட்டர் என்ற ஆய்வாளர் 2007இல் பிள்ளைகள் தேடிப்போகும் துணிச்சலான விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், கூரான கருவிகள், நெருப்பும் நீரும் இருக்கும் இடம், கட்டிப்புரண்டு சண்டை, கண்ணுக்கு எட்டாமல் தனியே போவது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆறிலும் நீ தேறியவள்.

பொம்மை எதுவும் வாங்கித் தூக்கிக்கொண்டு போகாதே. டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் கட்டிய விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று பார்த்து, பழைய பலகையும் செங்கல்லும் போட்ட திடலை யோசித்தார். அது 1943இல் கோபன்ஹேகன் பக்கத்தில் திறக்கப்பட்டது. குச்சியும் மண்ணும் போதும்.

எறும்பு வரிசையைப் பார்த்து அவன் அரை மணி நேரம் நின்றால் நீயும் நில். ஏன் வரிசையாகப் போகின்றன என்று கேட்பான். தெரிந்தாலும் உடனே சொல்லாதே. வரிசையின் குறுக்கே மண்ணை விரலால் லேசாகத் தேய்த்துக் காட்டு. முன்னால் போன எறும்புகள் விட்டுச்சென்ற வாசனைத் தடம் அழிந்ததும் அவை தடுமாறித் தேடுவதைப் பார்த்து அவனே ஏதாவது ஒரு காரணம் சொல்வான். தப்பாக இருக்கலாம், இருக்கட்டும்.

இன்னொன்று, அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் உதவும். "இன்னைக்கு என்ன நடந்தது?" என்று முகத்துக்கு நேரே கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். பந்தை மாற்றி மாற்றி எறிந்துகொண்டிரு, எதுவும் கேட்காதே. உன் தோழி உன்னோடு பேசாமல் போனதை நீ எனக்குச் சொன்னது அப்படித்தான். கண்கள் பந்தில் இருந்தன, வார்த்தைகள் தானாக வந்தன. நான் பந்தைப் பிடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

வாரத்தில் ஒரு நாள் மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து போனால் நீங்கள் உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் அங்கே வரும்போது ஓடிப்பிடிக்கிற ஆட்டம் மட்டும் வேண்டாம், முழங்கால் விடாது. கண்ணாமூச்சியில் ஒளிகிற வேலையைக் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா