செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: திருவையாறு தியாகராஜ ஆராதனை வாரமும் நம் சங்கமும்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், திருவையாறு, தில்லைஸ்தானம், கண்டியூர், திருப்பூந்துருத்தி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் வித்துவான்கள், மாணவர்கள், அவர்கள் வீட்டார் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் அதற்குள் போகவில்லை. சந்தா பாக்கி இருப்பவர்கள் இன்றே அவரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆண்டின் மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காமல் ஜூலை 28-ல்தான் திறந்தது. ஆனாலும் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் வந்து சேர்ந்தது, புஷ்ய மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லாத கூட்டம், நம் பிள்ளைகள் அங்கே நாகஸ்வரம் வாசித்தார்கள். நவராத்திரிக்கு வழக்கம்போல வீடு வீடாகப் போய்ப் பாடினோம். மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றவும் வார் இழுக்கவும் ஆள் கிடைக்காமல் அலைகிறோம் என்று பலரும் சொன்னதால், ஒரு வேலைக்காரரை வரவழைத்து சங்கக் கட்டடத்திலேயே உட்காரவைத்தோம். இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த வேலை வாரக்கணக்கில் நீண்டது. அவ்வளவு வாத்தியம் பரணில் கிடந்திருக்கிறது! இதை ஆண்டுதோறும் செய்யவேண்டும் என்பது என் எண்ணம். நம்மை விட்டுப் பிரிந்த மூத்த தவில் வித்துவானுக்கு இந்த அவையில் ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சரி, தியாகராஜர் சித்தியடைந்த பஞ்சமித் திதியை ஒட்டி அவர் சமாதியில் நடக்கும் ஆராதனைக்கு வருகிறேன். இந்த ஆண்டு நாம் செய்ததில் எனக்கு அதிக மனநிறைவு தந்தது, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் அச்சடித்துக் கொடுத்த வழிகாட்டித் தாள்தான். ஒவ்வொரு வருஷமும் நம் வாசலில் வந்து நிற்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விகள். பஞ்சரத்னம் (எல்லோரும் சேர்ந்து பாடும் தியாகராஜரின் ஐந்து கிருதிகள்) எத்தனை மணிக்கு, எங்கே உட்காருவது, நாங்களும் பாடலாமா, எங்கே தங்குவது. உள்ளூரில் வாசிக்கிறவன் எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் அதைத் தயாரித்தோம். ஒரே பக்கத்தில் எல்லாம் அடங்கவில்லை. அடுத்த முறை சேர்க்கவேண்டியதையும் சேர்த்து இங்கே விரிவாகச் சொல்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்கள் பஞ்சமி அன்று காலை வந்து, பஞ்சரத்னம் கேட்டு, அசோகா இனிப்பு வாங்கிக்கொண்டு மதியமே பஸ் ஏறிவிடுகிறார்கள். வானொலியிலும் தூர்தர்ஷனிலும் அந்த ஒரு மணி நேரத்துச் சொச்சத்தைத்தான் நேரலையில் பார்க்கிறார்கள், அதனால் ஆராதனை என்றால் அதுவே என்று மனதில் பதிந்துவிட்டது. பஞ்சரத்னம் பெரிய விஷயம், மறுக்கவில்லை. அத்தனை குரல் ஒன்றாக நாட்டை ராகக் கிருதியைத் தொடங்கும்போது எனக்கு இன்றும் கை சிலிர்க்கும். ஆனால் அந்த வாரத்தின் மற்ற நாட்களில் காலையிலிருந்து இரவு வரை ஓயாமல் நடக்கிற கச்சேரிகளில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்க ஆள் வேண்டும். வழிகாட்டியில் முதல் வரியாக நாம் போட்டது இதைத்தான்: பஞ்சமிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வாருங்கள்.

வருகிறவர் என்ன பார்ப்பார்? காவிரிக்கரையில் சமாதிக்கு முன்னால் பெரிய பந்தல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடை. ஒரு மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மறு மேடையில் அடுத்தவர்கள் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடம்தான், பெயர் பெற்றவர்களுக்கும் இருபது நிமிடத்தை ஒட்டித்தான். தியாகராஜர் கிருதிகள் மட்டும். யாருக்கும் சன்மானம் கிடையாது, பெரிய வித்துவான்களும் கைக்காசு போட்டுத்தான் வந்து பாடிவிட்டுப் போகிறார்கள். ஆலாபனையை நீட்ட நேரமில்லை என்பதால் பாடகரின் தேர்வு எப்படிப்பட்டது என்பது சட்டென்று தெரிந்துவிடும். ஒரே நாள் மதியத்தில் நீங்கள் கேள்விப்படாத கிருதிகள் எத்தனையோ காதில் விழும். எனக்குத் தெரிந்து அபூர்வ ராகக் கிருதிகளை அடுத்தடுத்துக் கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டுக் களைப்பில் பந்தல் காலியாகும்போது, முன்வரிசையில் போய் உட்காருங்கள் என்று எழுதினோம். அந்த நேரத்தில்தான் இசைக் கல்லூரி மாணவர்களும் கிராமத்துப் பிள்ளைகளும் மேடையேறுவார்கள்.

பக்கவாத்தியக்காரர்களுக்குத் தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தோம், அதைப் பலரும் பாராட்டினார்கள். வெளியூரிலிருந்து ஒரே மிருதங்கத்தோடு வராதீர்கள். ஒன்றரைக் கட்டையில், அதாவது தாழ்ந்த சுருதியில், ஓர் ஆண் குரலுக்கு வாசித்து இறங்கியதும், உயர்ந்த சுருதியான ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண்ணுக்கு வாசிக்க வரமுடியுமா என்று கேட்பார்கள், மறுக்க மனசு வராது. இரண்டு வாத்தியம் வேண்டும். அடுத்தது, ஆற்றங்கரைப் பனி. விடிகாலை ஐந்தரை மணிக்கு உறையைக் கழற்றினால் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கிக் கிடக்கும். கல்லும் மரக்கட்டையும் வைத்து விளிம்பைத் தட்டித் தட்டி மேலே கொண்டுவந்து, சரியாகிவிட்டது என்று மேடையேறினால், விளக்குச் சூட்டில் பத்து நிமிடத்தில் அது மேலே ஏறத் தொடங்கும். இதற்கு நாங்கள் உள்ளூர்க்காரர்கள் செய்வது ஒன்றுதான்: மேடையேற அரைமணி முன்னதாகவே பந்தலுக்குள் கொண்டுவந்து, உறையில்லாமல் விளக்குக்குக் கொஞ்சம் அருகில் வைத்துவிடுவோம். தொப்பி என்கிற இடப்பக்கத் தோலுக்கு ரவையையும் மேடைக்குப் பக்கத்திலேயே பிசைந்து ஒட்டுவோம், வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதில்லை. வயலின்காரர்கள் ஒரு செட் தந்தி கூடுதலாகக் கொண்டுவரட்டும். பாடுகிறவர்கள் வெந்நீர்க் குடுவை இல்லாமல் வராதீர்கள், மேடைக்கு முன்னால் அசோகாவும் வேண்டாம், அந்த நெய் தொண்டையில் நிற்கும். பாடி முடித்துவிட்டுச் சுடச்சுட வாங்கிச் சாப்பிடுங்கள், பாசிப்பருப்பில் செய்கிற அந்த இனிப்பை இந்த ஊரில் சாப்பிடாமல் போகக்கூடாது.

பஞ்சமி காலை. திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடத்திலிருந்து தெருவில் பாடிக்கொண்டே அரிசி பெறும் உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுச் சமாதிக்கு வரும். இதை விட்டுவிட்டு நேராகப் பந்தலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தம்பூராவும் சிப்ளாக்கட்டையும் பாட்டுமாக அந்தத் தெருவில் கூடவே நடந்து வாருங்கள், அது வேறு அனுபவம். பஞ்சரத்னம் ஒன்பது மணி வாக்கில். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் ஆதி தாளம். எல்லோரும் சேர்ந்து பாடலாம், ஆனால் பாடாந்தரம், அதாவது கிருதியைப் பாடும் முறை, அங்கே எல்லோரும் பாடுகிற பாடாந்தரமாக இருக்கவேண்டும். தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று சிஷ்ய பரம்பரைகள் பிரிந்ததில் சங்கதிகள், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள், மாறும். நீங்கள் கற்ற சங்கதி உசத்தியாகவே இருந்தாலும் அன்றைக்கு அதை எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் தடுமாறுவார். நாட்டையும் ஸ்ரீயும் மட்டும்தான் பாடம் என்றால் அதை மட்டும் பாடிவிட்டு மற்றதைக் கேளுங்கள். வராளி பலருக்குப் பாடமாகியிருக்காது. அதைச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் மனஸ்தாபம் வரும் என்ற நம்பிக்கை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்த ராகத்தை இப்படிப் பயந்து ஒதுக்கிவைத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை, சங்க வகுப்பில் இந்த ஆண்டு ஐந்தையும் சொல்லிக்கொடுத்தோம், யாருக்கும் யாரோடும் சண்டை வரவில்லை.

பந்தலில் இடம் வேண்டுமானால் ஆறு மணிக்கே வந்துவிடவேண்டும். முடிந்ததும் எல்லோரும் வாசல் பக்கம் நெருக்குவார்கள். அப்போது கொஞ்ச நேரம் பொறுத்து, சமாதியைப் பார்த்தபடி இருக்கிற பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதிக்குப் போய்வாருங்கள் என்று தாளில் தடித்த எழுத்தில் போட்டோம். 1847 ஜனவரி 6-ல் தியாகராஜர் சித்தியடைந்தார். காலப்போக்கில் அந்த இடம் புதர் மண்டிப்போனது. 1903-ல் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து அதைச் செப்பனிட்டார்கள். பிறகு ஆராதனை தொடங்கி, இரண்டு கட்சியாகவும் பிரிந்தது. இரண்டு கட்சியிலுமே பெண்கள் பாட அனுமதி இல்லை. நாகரத்தினம்மாள் தம் சொந்தச் சம்பாத்தியத்தில், நகைநட்டை விற்று, இடத்தை வாங்கி, இன்று நாம் பார்க்கிற கோயிலை எழுப்பி 1926-ல் குடமுழுக்கு செய்தார். அதற்குப் பிறகும் அவரைப் பாடவிடவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். கட்சிகள் ஒன்றானது 1940-ஐ ஒட்டித்தான். 1952-ல் அவர் காலமானார். இன்றைக்குப் பஞ்சரத்னத்தில் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து பாடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணமானவர் அந்த அம்மாள். அவர் முன்னால் நிற்காமல் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இந்த முறை எங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பெண்கள் சிலர் அங்கே உட்கார்ந்து ஒரு கிருதி பாடினார்கள், எவரும் ஏற்பாடு செய்யாமலே.

தங்குமிடம் நமக்குப் பெரிய தலைவலி. திருவையாற்றுக்கு ரயில் கிடையாது, தஞ்சாவூர் சந்திப்பில் இறங்கி டவுன் பஸ் பிடிக்கவேண்டும், கும்பகோணத்திலிருந்து வந்தால் கபிஸ்தலம், திருப்பழனம் வழி. ஊருக்குள் விடுதிகள் குறைவு. இந்த வருஷம் ஒரு விடுதி, முன்பதிவு செய்த நம் விருந்தினர்களிடம் கடைசி நேரத்தில் வாடகையை ஏற்றிக் கேட்டது. வயதான வயலின் வித்துவான் ஒருவர் இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு வெளியே நின்றார். நம் உறுப்பினர்கள் முன்கட்டு அறைகளையும் திண்ணையையும் ஒழித்துக் கொடுத்ததால்தான் மானம் தப்பியது. அப்படிக் கொடுத்த வீட்டாருக்கும், முக்கியமாக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து காபி போட்டுக் கொடுத்த அம்மாக்களுக்கும், சங்கத்தின் நன்றி.

அப்புறம், நாகஸ்வரமும் தவிலும். இந்த வருஷம் ஆராதனை பொங்கலன்று, ஜனவரி 14-ல் தொடங்கி 18-ல் பஞ்சமி வந்தது. ஊரெல்லாம் சம்பா அறுவடை, பொங்கல் வேலை, கோயில்களில் புறப்பாடு, தை பிறந்துவிட்டதால் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. நம் நாகஸ்வரக் குடும்பங்களில் பாதிப் பேர் வரமுடியவில்லை. வந்தவர்கள் வருமானத்தை விட்டுவிட்டு வந்தார்கள், அதை நாம் மறக்கக்கூடாது. காலையில் முதல் ஓசையே மங்கல இசைதான். ஆனால் அதை ஏதோ கூட்டம் சேருவதற்கான அறிவிப்பு மாதிரி நினைத்து, மக்கள் நாற்காலி இழுத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறார்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்து வளர்ந்த டெல்டா மண் இது. நரசிங்கம்பேட்டை ஆச்சாமர நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தாகிவிட்டது. வாத்தியத்துக்குக் கிடைத்த மரியாதை வாசிக்கிறவருக்கும் கிடைக்கவேண்டும். அடுத்த வழிகாட்டியில் இதற்கென்று அரைப் பக்கம் ஒதுக்கவேண்டும் என்று முன்மொழிகிறேன்: காலையில் சீக்கிரம் வாருங்கள், நாகஸ்வரத்தை உட்கார்ந்து கேளுங்கள், முடிந்ததும் அருகில் போய்ப் பாருங்கள். நாகஸ்வரத்தில், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகளின் கொத்து தொங்கும். எல்லாம் கொறுக்கைத் தட்டையில் செய்தவை. பனியில் எது சரியாகப் பேசும் என்று வாசிக்கிறவர் ஒவ்வொன்றாக வாயில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செருகுவார். தவில்காரர் விரலுக்குக் கூடு மாட்டுவதையும் பாருங்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

2026-ல் பஞ்சமி ஜனவரி 7, மார்கழியிலேயே வந்துவிடுகிறது. மார்கழியில் கல்யாணம் இல்லை. அதனால் நம் நாகஸ்வர, தவில் வித்துவான்கள் அனைவரும் ஊரில் இருப்பார்கள். ஜனவரி 3 திருவாதிரை, அன்றைக்கு மட்டும் சிவன் கோயில்களில் வேலை இருக்கும். மற்ற நாட்களில் நம் குழு முழுதாக வாசிக்கலாம். சென்னை சீசன் முடிந்த கையோடு வருவதால் வெளியூர் வித்துவான்கள் தொண்டை களைத்து வருவார்கள், அவர்களுக்குத் தங்க நல்ல இடம் இப்போதே பார்த்துவைக்கவேண்டும். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல்தான் அடைப்பார்கள், ஆகவே ஆற்றில் தண்ணீரும் இருக்கும், பனியும் கூடுதலாக இருக்கும்.

ஆகவே உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். மேடையில் பாடவோ வாசிக்கவோ விரும்பும் மாணவர்கள் புரட்டாசிக்குள் சங்கத்தில் பெயர் கொடுங்கள், மொத்தமாக ஆராதனையை நடத்தும் மகோற்சவ சபைக்கு விண்ணப்பிப்போம். வீட்டில் ஓர் அறை தரமுடிந்தவர்கள் ஐப்பசிக்குள் சொல்லிவிடுங்கள், எத்தனை பேர் படுக்கலாம், மாடிப்படி உண்டா என்பதையும் சேர்த்து. வழிகாட்டித் தாளை மறுபடி எழுதுகிற குழுவில் நாகஸ்வரக்காரர் ஒருவர், பாடுகிற பெண் ஒருவர், கட்டாயம் இருக்கவேண்டும். பெயர்களை இன்றைய கூட்டத்திலேயே முன்மொழியலாம்.

இப்படிக்கு,
செயலாளர்