கிழமை இல்லாத நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வொரு தேதியும் ஆண்டுதோறும் ஒரே கிழமையில் வரும்படி நாள்காட்டியைத் திருத்தலாம் என்ற யோசனை கணக்கில் எளிது; நடைமுறையில் அல்ல. 52 வாரங்களுக்கு 364 நாள்களே ஆவதால், எஞ்சும் ஒரு நாளைக் கிழமையே இல்லாமல் விட வேண்டியிருக்கும். 1950களில் இந்தியாவே ஐ.நா.வில் முன்வைத்த இத்தகைய திட்டம், வழிபாட்டு நாள்களின் தொடர்ச்சி அறுபடும் என்ற எதிர்ப்பு எழுந்து கைவிடப்பட்டது. பிரான்ஸ் 1793இல் கொண்டுவந்த பத்து நாள் வாரமும், சோவியத் ஒன்றியம் 1929இல் புகுத்திய ஐந்து நாள் வாரமும் (ஒரே வீட்டில் ஆளுக்கொரு நாள் விடுமுறை!) நிலைக்கவில்லை. ஞாயிறு விடியலில் காசிமேட்டில் மீனுக்கு முண்டியடிக்கும் எங்கள் பகுதியினர் சமாளித்துக்கொள்வார்கள். ஆனால் திங்கள் என்றால் 7.30 முதல் 9 வரை என்று ராகு காலம் அச்சிடும் தினசரி காலண்டர்க்காரர்கள், அந்தக் கிழமையற்ற நாளுக்கு எதைப் போடுவார்கள்?

- வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை