மஞ்சள் மட்டும் ஏறிய முருகன்

சிவகாசி
வைகாசி 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றுப் போனில் உன் குரல் கம்மியிருந்தது. கேட்டால் ஜலதோஷம் என்றாய். அம்மா பக்கத்தில் நின்றதால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. மனதில் இருப்பதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

காலண்டர் சாமிப் படங்கள் வரைந்த கொண்டையராஜுவின் படத்தை நீ உன் கலை வரலாறு செமினாரில் காட்டியதும், "இது வெறும் காலண்டர், சமூகவியல் துறையில் கொண்டுபோய்க் கொடு" என்று ஒருவர் சொன்னாராம். உடனே நீ, இதற்கு ஆதாரம் கிடைக்காது, ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடுகிறேன், கொச்சியில் நடக்கும் பினாலே கலைக் கண்காட்சி பற்றி எழுதினால் கட்டுரைகள் எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றாய். மாற்றுவது உன் விருப்பம். பினாலேயைப் பற்றி எழுதவும் ஆள் வேண்டும்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக மாற்றாதே. மாற்றுவதற்கு முன் நான் சொல்வதை ஒரு தடவை கேள்.

நீ படிக்கிற பரோடாவையே பார். மகாராஜா சாயாஜிராவ் கேட்டு ரவிவர்மா வரைந்து கொடுத்த புராணப் படங்கள் மட்டும் 14 என்று நீதான் எனக்குச் சொன்னாய். அரண்மனை வளாகத்து மியூசியத்தில் அவருடைய மூலப் படங்களின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன் என்றாய். அதே ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்தார். கல் அச்சு அது. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிக் கல் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். அச்சுக்குப் போனதற்காகவே பிறகு வந்த விமர்சகர்கள் பலர் அவரை இறக்கிப் பேசினார்கள் என்பதும் நீ சொன்னதுதான். இன்று அவர் இல்லாமல் இந்திய நவீன ஓவியப் பாடத்தை யாராவது தொடங்குகிறார்களா?

கொண்டையராஜுவும் எங்கிருந்தோ முளைத்தவர் இல்லை. 1898-ல் பிறந்தவர். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். பிறகு திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம். அப்புறம் நாடகக் கம்பெனிக்குச் சீன் வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போய், கடைசியில் 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அதே பள்ளியில் பல வருஷம் கழித்துப் படித்தவர்தான் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். அவர் நண்பர்களோடு 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் கண்டார். ஒரே வாசலில் இருந்து ஒரு பாதை ஈஞ்சம்பாக்கம் கடற்கரைக்கும், இன்னொரு பாதை கோவில்பட்டி கரிசலுக்கும் போயிருக்கிறது. உங்கள் பாடத்தில் முதல் பாதை மட்டும் இருக்கிறது. பணிக்கர் பெரிய ஆள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜாதகக் கட்டத்தையும் படிக்க முடியாத எழுத்தையும் கான்வாஸில் நிரப்பிய அவர் படத்தை நீ போனில் அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் நம் காலண்டர் தாளில் வரும் பஞ்சாங்கக் கட்டம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பாதையும் எங்கேயோ தொட்டுக்கொள்கிறது. எங்கே என்று நீதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

இனி எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 1983-ல் அச்சாபீஸ் கேமரா ரூமில் சேர்ந்தபோது கொண்டையராஜு காலமாகி ஏழு வருஷம். ஆனால் அவர் படங்கள் மறுபடி மறுபடி அச்சுக்கு வந்துகொண்டே இருந்தன. சீடர்கள் வரைந்ததும் வரும். ஒரே படத்தின் அடியில் 'சி. கொண்டையராஜு' என்றும் 'டி.எஸ். சுப்பையா' என்றும் இரண்டு கையெழுத்து இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. குரு தன் பெயருக்குப் பக்கத்தில் சீடன் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறார். படம் யாருடையது என்ற கேள்விக்கு உன் பாடத்தில் பெரிய பெரிய பெயர்கள் வருமே, அந்தக் கேள்வியை அந்த மனிதர் படத்தின் அடியிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

அது மட்டுமில்லை. மூலப் படத்தைக் கேமராவில் நாலு தடவை எடுத்து, நாலு கலருக்கு நாலு ஃபிலிம் ஆக்குவோம். ஒவ்வொரு ஃபிலிமிலும் புள்ளிகள்தான். புள்ளி விழ வைக்கும் ஸ்கிரீனை ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு கோணத்தில் வைக்க வேண்டும். கோணம் பிசகினால் சாமி முகத்தில் கோலம் போட்டது மாதிரி நெளிவு விழும். ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, பார்க்க வருகிற வியாபாரி, "முருகன் முகம் இன்னும் கொஞ்சம் வெளுப்பா வரணும், அண்ணாச்சி" என்பார். உடனே சிவப்பு ஃபிலிமை லைட் மேஜையில் போட்டு, மருந்தில் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷால் கன்னத்தில் மட்டும் தடவுவேன். மருந்து பட்ட இடத்தில் புள்ளி சிறுக்கும். புள்ளி சிறுத்தால் மை குறையும், கன்னம் வெளுக்கும். ஒரு நொடி கூடினால் புள்ளியே போய்விடும், சாமிக்கு அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்வேன். அப்படி லட்சக்கணக்கான வீட்டுச் சுவருக்குப் போன முகத்தில் வரைந்தவர் பங்கு எவ்வளவு, வியாபாரி பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு? இதை எந்தப் புத்தகமும் உனக்குச் சொல்லாது பாப்பா. உன் அப்பன் சொல்வான்.

ஆனால் சொல்வதற்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கேமரா ரூமில் இருந்த எட்டுப் பேரில் இப்போது மூன்று பேர்தான் மிச்சம். அதில் ஒருவருக்குக் கண் பார்வை போய்விட்டது. ஆனாலும் 'மீனாட்சி கல்யாணம்' எந்த மெஷினில் எத்தனை தடவை ஓடியது என்று கேட்டால் சட்டென்று சொல்வார். கம்ப்யூட்டர் வந்த பிறகு, நான் வேலை பார்த்த அச்சாபீஸில் பழைய ஃபிலிம் முழுவதையும் எடைக்குப் போட்டார்கள். அதிலிருந்து வெள்ளி எடுப்பார்கள். முப்பது வருஷத்துச் சாமிகள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறியதை வாசலில் நின்று பார்த்தேன். ஓவியர்கள் கையால் வரைந்த மூல அட்டைகள் குடோனில் கிடந்தன. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. இது காப்பாற்ற வேண்டிய பொருள் என்று அப்போது எனக்கே தெரியாது. நீ அந்தப் படிப்பில் சேர்ந்து, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகுதான் எதை இழந்தோம் என்று எனக்கு விளங்கியது.

கனடாவில் இருந்து ஸ்டீபன் இங்லிஸ் என்ற மானிடவியல் ஆய்வாளர் கோவில்பட்டிக்கு வந்து, கொண்டையராஜுவைப் பற்றியும் சீடர்களைப் பற்றியும் விசாரித்து எழுதியிருக்கிறார். நல்ல காரியம். கடல் கடந்து வந்தவர் அவ்வளவு செய்திருக்கும்போது, வண்டி ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே போய்விடக் கூடிய வீட்டுப் பெண், தமிழில் கேட்டுத் தமிழில் குறித்துக்கொள்ளக் கூடியவள், "ஆதாரம் கிடைக்காது" என்று விட்டுவிடலாமா?

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அத்தை கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. மியூசியம், காலரி, கல்லூரி என்று நீ சொன்னதை அம்மா அவளிடம் சொல்லிவிட்டாள். ஃபீஸ் கட்டுவது என் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனாலும் ஆகட்டும்.

உன் மேடத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஆடிக்கு ஊருக்கு வந்துவிடு. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் அன்றைக்கு ஒரு நடை வந்து போவார்கள், ஒரே நாளில் எல்லாரையும் பார்த்துவிடலாம். அடுத்த நாள் கோவில்பட்டி போவோம். ரெக்கார்டர் எடுத்து வா. எங்கே மூல அட்டை கிடைத்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை சதவீதம் சிறிதாக்குவது, எந்த மெஷின், யார் ஆர்டர் என்று பென்சிலில் எழுதியிருக்கும்.

உனக்கு ஒரு பொருள் எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு லாரியில் ஏறாமல் தப்பியது. ஒரு முருகன் படத்தின் ப்ரூஃப் வரிசை, நாலு தாள். முதல் தாளில் மஞ்சள் மட்டும். முகமே தெரியாது, வேலும் நகையும் பின்னால் இருக்கிற ஒளிவட்டமும் மட்டும் வெயில் மாதிரி மினுங்கும். இரண்டாவதில் சிவப்பு ஏறி உதடும் உடம்பும் வரும். மூன்றாவதில் நீலம், அப்போதுதான் மயிலுக்குக் கழுத்து வரும். நாலாவது கறுப்பு. அது ஏறும் வரைக்கும் சாமி கண்ணில் பார்வை இருக்காது. கடைசி பிளேட் ஓடி முதல் தாள் வெளியே வந்ததும் எங்கள் மெஷின்மேன் அதைத் தூக்கிப் பிடித்து, "கண் திறந்தாச்சு" என்பார்.

தபாலில் அனுப்பினால் மடித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. இரண்டு அட்டைக்கு நடுவில் படுக்க வைத்து, பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். நீ வந்து எடுத்துக்கொள். தொடும்போது ஓரத்தை மட்டும் பிடி. மஞ்சள் தாளில் ஒரு மூலை ஈரம் பட்டு ஒட்டியிருக்கிறது, அதை நான் பிரிக்கவில்லை. எப்படிப் பிரிப்பது என்று உங்கள் ஊரில் தெரிந்தவர்களிடம் கேட்டு வா.

இப்படிக்கு,
அப்பா